உவர்மலையில் ஒரு மனிதவள வகுப்பு

நிலாவெளி விடுதி ஒன்றில் ஆட்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வேலை பழக்கிவிட்ட பெடியன்கள் மாலைதீவுக்கும் கட்டாருக்கும் போய்விடுகிறார்கள். அதனால்தான் திருகோணமலை உவர்மலையில் நடந்த இந்தச் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். கொடுத்த காசு வீண்போகவில்லை.

ஒரு நாள் முழுக்க டுபாய் ஹோட்டல் ஒன்றின் வேலை ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்தோம். தங்குமிடம், சாப்பாடு, விமானச் சீட்டு எல்லாம் எழுத்தில். எங்கள் விடுதி கொடுக்கும் வேலைக் கடிதத்திலோ சம்பளமும் தொடங்கும் திகதியும் மட்டும்! அப்புறம் சேமலாப நிதிக் கணக்கு: சம்பளத்தில் ஊழியர் 8 வீதம், முதலாளி 12, அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3. இதை விளக்கிச் சொன்னாலே சிலர் வேலையை விட்டுப் போகாமல் நிற்பார்கள்.

குறிப்புகள் முழுக்க ஆங்கிலம். பக்கத்தில் இருந்த தங்கச்சி ஓரத்தில் பென்சிலால் தமிழ் எழுதிக்கொண்டே இருந்தார். ஆங்கிலத்தில் மட்டும் குறிப்புக் கொடுப்பதைக் கட்டாயம் மாற்றவேண்டும்.

திங்கட்கிழமையே எங்கள் வேலைக் கடிதத்தைத் தமிழில் புதிதாக எழுதினேன், இரண்டு பக்கம்.