எதிர்த்து நிக்கிறதோ, ஓடுறதோ?

பைபிளில யாக்கோபு 4:7ல பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கோ எண்டிருக்கு, 2 தீமோத்தேயு 2:22ல பவுல் இச்சைக்கு விலகி ஓடு எண்டுறார், எது சரி எண்டு கிளிநொச்சிப் பக்கம் எங்கட பெடியள் கேக்கிறாங்கள்.

என்னைக் கேட்டா குடி, ஃபோன்ல வாற அசிங்கம் இதுகளுக்கு ஓட்டம்தான், யோசேப்பு, எசமான்ர மனிசி பிடிச்சு இழுக்கேக்க, உடுப்பையும் விட்டிட்டு ஓடினவர் எல்லே, கள்ளுத் தவறணை வாசல்ல நிண்டு ஜெபிச்சுப் பாக்கிறன் எண்டுறது சும்மா வீம்பு, பரந்தன் சந்தியால சுத்திப் போங்கோ.

ஆனா பயம், சந்தேகம், கடவுள் உன்னைக் கைவிட்டிட்டார் எண்டு உள்ளுக்க கேக்கிற குரல், அதை விட்டிட்டு எங்க ஓடுறது? 2009ல போர் முடிஞ்ச பிறகு முகாமில இருந்து திரும்பி வந்த சனத்துக்கு இது தெரியும். அங்க நிக்கத்தான் வேணும், வனாந்தரத்தில பிசாசு சோதிக்கேக்க இயேசு மூண்டு தரமும் பழைய ஏற்பாட்டு உபாகம வசனத்தாலதான் பதில் குடுத்தவர். மற்றது, யாக்கோபு அந்த வசனத்தை தேவனுக்குக் கீழ்ப்படியுங்கோ எண்டுதான் தொடங்கிறார், கனபேர் அந்தப் பாதியை விட்டிட்டு வாசிக்கினம்.