பழைய 207 கேபினில் டார்ச்சுக்கு ஒரு நிலையான இடம்: மூன்று வருஷ அனுபவம்

என்னிடம் இருப்பது 2008 மாடல் டாடா 207 பிக்கப் வண்டி. 2020-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். காசிமேட்டில் ஏலம் முடிந்ததும் ஐஸ் பெட்டியோடு மீன் ஏற்றிக்கொண்டு மாதவரம், செங்குன்றம் பக்கம் போவதுதான் தினசரி வேலை, அதனால் வண்டி ஓடுவதில் பாதி இருட்டில்தான். கேபின் விளக்கு வாங்கும்போதே எரியவில்லை. தார்பாய் கயிறு கட்ட, டயர் பார்க்க, பில்லில் எத்தனை கூடை என்று படிக்க, எல்லாவற்றுக்கும் டார்ச்தான்.

அந்த டார்ச்சை முதலில் டேஷ்போர்டு மேல் சும்மா வைத்திருந்தேன். 2021-ல் ஒரு நாள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில், கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்குமே, அந்த இடத்தில் முன்னால் போனவன் சட்டென்று நிறுத்திவிட்டான். நான் பிரேக்கை மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை. டார்ச் உருண்டு விழுந்து பெடலுக்கு அடியில் மாட்டியிருந்தது. காலாலேயே அதைத் தட்டிவிட்டு மறுபடி மிதித்தேன், டிரெய்லரின் பின்பக்கத்துக்கும் எனக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளீனர் தம்பிக்குப் பேச்சே வரவில்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் சின்ன விஷயமாக நினைப்பதே இல்லை.

அடுத்து டபுள் சைடு டேப். பிளாஸ்டிக் ஹோல்டர் ஒன்றை டேஷ்போர்டில் ஒட்டினேன். அவசரமாக ஒட்டவில்லை, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மூன்று நாள் பாரம் ஏற்றாமல் விட்டுத்தான் டார்ச்சைச் செருகினேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அசையவில்லை. கத்திரி வெயில் வந்தது, வண்டி மதியம் நிழல் இல்லாத இடத்தில் நின்றது, டேப்பின் பசை இளகி ஹோல்டர் அப்படியே கீழே வந்துவிட்டது. மறுபடி ஒட்டினேன், மறுபடி விழுந்தது. வெயில் நேராக விழும் டேஷ்போர்டில் டேப்பை நம்ப வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வெல்க்ரோவும் பார்த்தேன், மீன் செதிலும் தூசியும் ஏறி இரண்டே மாதத்தில் பிடிப்பு போய்விட்டது.

பிறகு பின்பக்கம் காந்தம் வைத்த டார்ச் வாங்கினேன். பழைய வண்டியில் கேபினுக்குள் இரும்புத் தகடு வெளியே தெரிகிற இடம் நிறைய, அதனால் இதுதான் சரி என்று தோன்றியது. காந்தத்தை நேராக இழுத்தால் விடாது, ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கும். பெயின்ட் பூசிய தகடு, அதன் மேல் எப்போதும் படிகிற தூசி, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் ஒரு குலுக்கல், டார்ச் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி காலையில் பார்த்தால் சீட்டுக்குப் பின்னால் கிடக்கும். ஒன்று சொல்ல வேண்டும், வேலை செய்யும்போது காந்தத்தைப் போல உதவி கிடையாது. பானட்டுக்கு அடியில் ஒட்டிவிட்டால் இரண்டு கையும் ஃப்ரீ. ஓடுகிற வண்டியில் டார்ச்சை வைத்திருக்க மட்டும் அது போதாது.

2023 பொங்கல் முடிந்து கதவு வேலைக்காக கொருக்குப்பேட்டையில் ஒரு டிங்கர் அண்ணனிடம் வண்டியை விட்டிருந்தேன். அவர் டார்ச்சைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு இன்னாத்துக்குப்பா இவ்ளோ செலவு, டியூப்லைட் கிளிப்பு வாங்கினு வா” என்றார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. டி8 என்கிற ஒல்லி டியூப்லைட் சுமார் 26 மில்லிமீட்டர் தடிமன், 18650 என்கிற லித்தியம் செல் ஒன்று மட்டும் போடுகிற என் டார்ச்சின் உடம்பு கிட்டத்தட்ட ஒரு இன்ச். ஸ்பிரிங் தகட்டு கிளிப் அளவெடுத்து செய்தது போல உட்கார்ந்தது. இரண்டு கிளிப் முப்பது ரூபாய். பிளாஸ்டிக் கிளிப் வாங்காதீர்கள், வெயிலில் காய்ந்து உடைகிறது.

எங்கே, எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். பிரேக் போட்டால் வண்டியில் இருக்கிற எல்லாம் முன்னால் போகப் பார்க்கும், ஆக கிளிப்பின் வாய் முன்பக்கம் பார்த்திருந்தால் சடன் பிரேக்கில் டார்ச் கிளிப்பைப் பிளந்துகொண்டு பறக்கும். நான் முதலில் கை வைத்துப் பார்த்த முதுகுப்பக்கச் சுவரில் இதுதான் சிக்கல், அதுவும் தலைக்குச் சமமான உயரத்தில். கடைசியில் டிரைவர் சீட்டின் இடப்பக்கம், சீட்டைத் தாங்குகிற இரும்புத் தகட்டில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டினேன். டார்ச் வண்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும், கிளிப்பின் வாய் கியர் பக்கம் பார்க்கும், டார்ச்சின் தலை பின்னால் இருக்கும். தலை உடம்பைவிடப் பெரிதாக இருப்பதால் பிரேக் போடும்போது டார்ச் முன்னால் நகர்ந்தாலும் தலை பின் கிளிப்பில் இடித்து நின்றுவிடும். இடது கையைத் தொங்கவிட்டால் விரலில் படும், பார்க்கவே வேண்டாம்.

தகட்டில் வெறும் செல்ஃப் ஸ்க்ரூ போதும் என்று நினைத்தேன், அண்ணன் விடவில்லை. “ஷீட்டுல ஸ்க்ரூ மட்டும் போட்டா குலுங்கிக் குலுங்கி ஓட்டை பெருசாயிடும் தம்பி, பின்னால பட்டை குடு.” உட்பக்கம் 3 மில்லிமீட்டர் பட்டை, பெரிய வாஷர், குலுக்கலில் தளராத நைலாக் நட்டு போட்டு இறுக்கினோம். இன்றுவரை ஒரு நட்டுகூட தளரவில்லை. டிரில் போடும் முன் பின்னால் ஒயரோ டீசல் டியூபோ பிரேக் டியூபோ போகிறதா என்று கைவிட்டுத் தடவிப் பாருங்கள், சீட்டைப் பிடித்திருக்கிற போல்ட் பக்கம் போகவே போகாதீர்கள். கிளிப்பின் உள்ளே பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன், கடகட சத்தம் நின்றது, டார்ச் மேல் கீறலும் விழவில்லை. அப்புறம் அதே டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டி நடுவில் ஒரு கொக்கியில் மாட்டி டார்ச் மேல் போட்டேன். ராயபுரம் பக்கம் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போது அந்த வளையம்தான் டார்ச்சைக் காப்பாற்றுகிறது.

நான் செய்த தவறு, டிரில் போட்ட ஓட்டையின் விளிம்புக்குத் துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிற ரெட் ஆக்சைடு பூச்சை அடிக்காமல் விட்டது. கடல் காற்று, அதோடு கேபினுக்குள் கசிகிற மீன் தண்ணீர், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஓட்டையிலிருந்து பழுப்பாகக் கோடு இறங்கியது. முதல் ஜோடி கிளிப்பும் சரியாகப் பதினான்கு மாதத்தில் துருப்பிடித்து இறுக்கம் குறைந்தது. 2024-ல் எல்லாவற்றையும் கழற்றி, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடும் பெயின்ட்டும் அடித்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப்பும் போல்ட்டும் போட்டேன். விலை நாலு மடங்கு. உப்புக்காற்றில் ஓடுகிற வண்டி என்றால் முதலிலேயே இதை வாங்கிவிடுங்கள்.

இடம் கீழே இருப்பதால் டார்ச் மேல் நேரடி வெயில் படுவதில்லை, இது செல்லுக்கு நல்லது. லித்தியம் செல்லுக்கு சூடு ஆகாது, பொதுவாக 60 டிகிரிக்கு மேல் பயன்படுத்தக்கூடாது, 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடக்கூடாது என்பார்கள். மூடிய கேபின் மே மாதத்தில் எப்படிக் கொதிக்கும் என்று தெரியும்தானே, அதனால் கத்திரி முடியும்வரை பகலில் வண்டி சும்மா நிற்கும் நாட்களில் டார்ச்சை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன். வண்டியில் சார்ஜ் போடுவதே இல்லை. மற்ற நாட்களில் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைக்கிறேன், குலுக்கலில் பட்டன் அமுங்கித் தானாக எரியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் போய், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வண்டியை மேடான இடத்துக்கு நகர்த்த இருட்டில் ஓடினேன். கதவைத் திறந்து கை விட்டதும் டார்ச் கையில். அந்த வெளிச்சத்தில்தான் பக்கத்து வீட்டு ஆயாவை அவர் பேரனோடு சேர்ந்து மாடிக்குக் கூட்டிப்போனோம். தேடியிருந்தால் அந்த மழையில் எவ்வளவு நேரம் போயிருக்குமோ.

குறை என்று சொன்னால், பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இந்த இடம் எட்டாது. கிளீனர் தம்பி ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அவன் பக்கக் கதவுத் தூணுக்குக் கீழே இன்னொரு ஜோடி போடலாம் என்று இருக்கிறேன், இந்த முறை பெயின்ட் டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு.