எழுத்தும் எண்ணும் தொடங்கும் இடம்: வேலூர்ப் பக்கத்து வகுப்பறைகளில் மூன்று கற்பித்தல் முறைகள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளைப் பார்த்தால், கற்பிக்கும் முறைகள் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பது தெரியும். சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை இருக்கும். அது செயல்வழிக் கற்றல் காலத்தில் வந்தது. மூலைகளில் கதைக் களம், படித்தல் களம் என்ற பெயர்ப்பட்டைகள் தொங்கும். அவை தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வரவு. இவற்றுக்கு நடுவே நின்று ஆசிரியர் 'ஆனா, ஆவன்னா' என்று சொல்ல, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். திண்ணைப் பள்ளிக் காலத்திலிருந்து எந்தச் சுற்றறிக்கையின் துணையும் இல்லாமல் தொடர்ந்து வரும் முறை அது.

இம்மூன்றில் எது சிறந்தது என்ற கேள்வி ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் ஓயாமல் எழுகிறது. கேள்வி அப்படிக் கேட்கப்படும்வரை விடை கிடைக்காது என்பது என் கருத்து. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றும் பிள்ளையிடம் ஒரே விதமாக வளர்வதில்லை. தான் செய்தது சரியா தவறா என்பதைப் பிள்ளை எதைக் கொண்டு தெரிந்துகொள்கிறது என்று பார்த்தால், எந்த முறை எதற்குப் பொருந்தும் என்பது ஓரளவு தெளிவாகிவிடும். கணக்கில் கையிலுள்ள புளியங்கொட்டையே அதைச் சொல்லிவிடும். வாசிப்பில் தெரிந்தவர் ஒருவரின் குரல் வேண்டும். எழுதுவதில், எழுதியதைப் படித்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும்.

மூன்று முறைகளின் அடையாளத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, வகுப்பு முழுவதற்கும் ஒரே பாடம்; ஆசிரியர் சொல்வார், பிள்ளைகள் சொல்வார்கள், சிலேட்டில் எழுதுவார்கள். இரண்டாவது, செயல்வழிக் கற்றல். ஆந்திர எல்லைக்கு அப்பால் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலி கல்வி மையத்தின் அனுபவத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதற்கும் வந்தது. பாடம் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, கற்றல் ஏணி ஒன்றில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும். மூன்றாவது, 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும். பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியில் ஒன்றாம் வகுப்பைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை மனத்தில் வைத்து, 2025க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் அனைவரும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்கைச் செய்யவும் வேண்டும் என்ற இலக்கோடு அது வந்தது. அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்படுவார்கள். மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை அரும்பு நிலையில் இருக்கலாம்.

வாசிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். சிக்கல் அதிகம் அங்கேதான். 247 எழுத்துகள் என்ற கணக்கைக் காட்டித் தமிழ் கடினம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் 12 உயிரையும் 18 மெய்யையும் உயிர்மெய்க் குறிகளையும் அறிந்த பிள்ளை பெரும்பாலான எழுத்துகளைத் தானே கூட்டிக்கொள்ளும். இடறுமிடங்கள் குறிப்பானவை. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' ஆகியவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளில் குறி தனியாகப் பிரிந்து நிற்காமல் மெய்யோடு ஒட்டி உருமாறுகிறது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் 'ணா', 'லை' போன்றவற்றைச் சீராக்கியது. உகர வரிசை மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. இந்த இடங்களை ஆசிரியர் வாயால் சொல்லி, கையால் காட்டி, பலமுறை திரும்பத் திரும்பப் பழக்கினால்தான் பிள்ளைக்குப் படியும்.

அட்டைக்குக் குரல் இல்லை என்பதே செயல்வழிக் கற்றலின் முதல் குறை. அணில் படம் போட்ட அட்டையைப் பார்த்துப் பிள்ளை 'அ' என்ற ஒலியை நினைவுகூர வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. மேல்விஷாரத்திலோ வாணியம்பாடியிலோ வீட்டில் உருது பேசும் பிள்ளைக்கு அந்தப் படம் 'கிலஹரி'. எல்லையோரக் கிராமங்களில் தெலுங்கு பேசும் பிள்ளைக்கு அது 'உடுத'. அந்தப் பிள்ளை படத்தைப் பார்த்து 'உ' என்று படித்தால் அதன்மேல் குற்றம் இல்லை. ஆனால் அதைத் திருத்த அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். உயிரெழுத்துப் பாட்டையும் சொற்களையும் வளர்ந்த ஒருவரின் வாயிலிருந்து நாள்தோறும் கேட்பது இப்பகுதிப் பிள்ளைகளுக்கு வேறெங்கும் உள்ளவர்களைவிடத் தேவை என்பதால், வாசிப்பின் முதல் சில மாதங்களுக்குப் பழைய கூட்டுப் பாடமே என் தேர்வு.

அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு, ஒரு திருத்தமும் உண்டு. நிபந்தனை என்னவென்றால், கூட்டாகச் சொல்லி முடித்தபின் நாலைந்து பிள்ளைகளையாவது தனித்தனியே படிக்கச் சொல்ல வேண்டும்; இல்லையென்றால் உதட்டை மட்டும் அசைக்கும் பிள்ளை ஆண்டு முழுவதும் பிடிபடாமலே போய்விடும். திருத்தம் எழுத்துகளின் வரிசையைப் பற்றியது. அரிச்சுவடி வரிசையில் மூன்றாவதாக வரும் 'இ' எழுதுவதற்கு மிகக் கடினமான எழுத்துகளுள் ஒன்று. அதிலேயே பல்பம் நின்றுவிடும். 'ட', 'ப', 'ம' என்று நேர்கோட்டு வடிவங்களில் தொடங்கினால், சில நாள்களிலேயே 'படம்', 'மடம்', 'பட்டம்' என்று பொருளுள்ள சொற்களைப் பிள்ளை படித்துவிடும். இந்த வரிசையில் தொடங்கிய பாடநூல்களும் உண்டு. பெற்றோர்தான் இன்னும் 'அ, ஆ சொல்லித் தரலையா டீச்சர்' என்று வாசலில் நின்று கேட்கிறார்கள். பாட்டாகச் சொல்வதற்கு அ, ஆ வரிசையையும், படிக்கவும் எழுதவும் வடிவ வரிசையையும் இணையாக வைத்துக்கொள்வதில் தடையொன்றும் இல்லை.

எண்ணும் எழுத்தும் திட்டத்தின் நிலைவாரிப் பிரிப்பு வாசிப்பில் தடுமாறுவதற்கும் காரணம் இந்தக் குரலின் தேவைதான். ஓர் ஆசிரியர் மலர் நிலையினருக்குக் கதை வாசித்துக்கொண்டிருக்கும்போது, அரும்பு நிலையினர் தங்கள் பயிற்சி நூலில் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார்கள். ஆசிரியரின் குரல் யாருக்கு மிகவும் வேண்டுமோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கும். இத்திட்டத்தின் கதைகளும் பாடல்களும் பொம்மலாட்டமும் பேச்சுமொழியை வளர்ப்பதில் முன்னிரண்டையும் விட மேலானவை என்பதை மறுப்பதற்கில்லை. அவற்றை வகுப்பு முழுவதற்குமாக வைத்துக்கொண்டு, எழுத்தறிமுகத்தையும் முழு வகுப்பாகவே நடத்தலாம்.

கணக்குக்கு வந்தால் என் தேர்வு தலைகீழாகிறது. ஒன்று முதல் நூறு வரை வகுப்பே சேர்ந்து சொல்வது கேட்க இனிமையாக இருக்கும். அதைச் சொல்லும் பிள்ளைக்கு 37 என்பதில் மூன்று பத்துகள் இருப்பது தெரியுமா என்பதை அந்த ஓசை காட்டாது. 'நூற்று ஐந்து' எழுதச் சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளைகளை எல்லாப் பள்ளிகளிலும் பார்க்கலாம். காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்கள். இடமதிப்பு இன்னும் ஏறவில்லை. தமிழில் பதினொன்றும் இருபத்து மூன்றும் உள்ளிருக்கும் பத்தைச் சொல்லிலேயே காட்டிவிடுகின்றன. உருதுவில் நூறு வரை அநேகமாக ஒவ்வொரு எண்ணுக்கும் தனிப்பெயர் மனப்பாடம் செய்ய வேண்டியிருப்பதால், வீட்டில் அந்த எண்களோடு வளர்ந்த பிள்ளைக்குப் பத்துகளைக் கட்டாகக் கட்டிக் காட்டுவது இன்னும் அவசியம்.

கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்த படி நிற்காது. பத்துக்குள் கழிக்கத் தெரியாதவருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வெறும் சடங்கு. எனவே நிலை அறிந்து பிரிப்பது இங்கே தவிர்க்க முடியாதது. அதோடு, கவனிக்கப்படாத குழுவும் இங்கே வீணாக உட்கார்ந்திருக்காது. அரும்பு நிலையினர் இருபது வரை புளியங்கொட்டைகளை எண்ணிக் குவிக்கலாம். மொட்டு நிலையினர் தீக்குச்சியையோ ஈர்க்குச்சியையோ பத்துப் பத்தாகக் கட்டி 37ஐயும் 25ஐயும் கூட்டலாம். பன்னிரண்டு குச்சிகள் மிஞ்சியபோது பத்தைக் கட்டிப் பத்துகளோடு சேர்க்கும் பிள்ளைக்கு 'மீதி ஒன்று மேலே' என்ற வாய்பாட்டை யாரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. தவறு கையிலேயே தெரிவதால், ஆசிரியர் ஒரு சுற்று நடந்து வந்தாலே யார் எங்கே நிற்கிறார் என்று கண்டுகொள்ளலாம். பெருக்கல் வாய்ப்பாட்டை மட்டும் பழையபடி கூட்டாக ஒப்பிக்கலாம். அது நினைவில் நிற்க வேண்டிய பொருள், ஓசை அதற்கு உதவும்.

எழுதுவதில் மூன்று முறைகளுமே குறைபட்டவை. கரும்பலகையைப் பார்த்து எழுதுவது, அட்டையில் புள்ளிகளை இணைப்பது, பயிற்சி நூலில் கோடிட்ட இடத்தை நிரப்புவது ஆகிய மூன்றிலும் பிள்ளை தன் சொல்லை எழுதுவதே இல்லை. மூன்றாம் வகுப்பின் முடிவில் முத்து முத்தாகக் கையெழுத்து இருக்கும். 'நேற்று வீட்டில் என்ன செய்தாய், இரண்டு வரி எழுது' என்றால் தாள் வெறுமையாக இருக்கும். நர்சரிப் பள்ளிகளின் நாலு கோடு நோட்டுகளிலும் இதே கதைதான். கோடுகள் மட்டும் அதிகம். தினமும் ஒரு வரி, பிழையைப் பற்றிக் கவலைப்படாமல் சொந்தமாக எழுதவைத்து, அதை ஆசிரியர் படித்து ஒரு வார்த்தை பேசுவது எந்தத் திட்டத்திலும் போதிய இடம் பெறவில்லை. அந்த வரியிலிருந்துதான் பிழைகளின் காரணமும் தெரியவரும். இப்பகுதியின் பேச்சில் 'ழ' பெரும்பாலும் 'ய' ஆகிவிடுவதால் 'வாயப்பயம்' என்று எழுதும் பிள்ளைக்குக் காது கூர்மையாக இருக்கிறது என்றே பொருள். சொல்வதெழுதுதலில் சிவப்பு மையால் சுழிப்பதைவிட, 'பழம், மழை, கிழவி' என்று அந்த ஓர் ஒலியுள்ள சொற்களை ஒரு வாரம் ஒன்றாகப் பழக்குவது பலன் தரும். சிலேட்டை இரண்டாம் வகுப்பு வரை வைத்திருப்பதும் நல்லது. அழித்து மீண்டும் எழுத அஞ்சாத பிள்ளை அதிகம் எழுதும்.

இவ்வளவு நேரம் சமவெளிப் பள்ளிகளைப் பற்றியே பேசினேன். ஜவ்வாது மலையின் பீஞ்சமந்தை போன்ற ஊர்ப்பக்கங்களில் நிலைமை வேறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்; வகுப்புகளோ ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். அங்கே முழு வகுப்புப் பாடம் என்பதற்கே பொருள் கிடையாது. கைவிடப்பட்டதாகப் பலரும் கருதும் செயல்வழிக் கற்றல் அட்டைகளுக்கு உரிய இடம் அதுதான். ரிஷிவேலியில் அவை பிறந்ததே பல வகுப்புகள் ஒன்றாக அமரும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக. ஆசிரியர் முழுமையாக உதவும் குழு, பகுதியாக உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தானே கற்கும் குழு என்ற ஏற்பாட்டில், அட்டைக்கு இல்லாத குரலை மூத்த பிள்ளை தருகிறது. அதே முறையை நாற்பது பேர் ஒரே வயதில் அமரும் நகரப் பள்ளிக்கும் அப்படியே விரித்ததுதான் 2007இல் நடந்த பிழை. அட்டை கிழிந்தால் ஏணியில் ஒரு படி காணாமல் போகும் என்ற தொல்லையும், நோட்டில் எதுவும் எழுதவில்லையே என்ற பெற்றோரின் மனக்குறையும் பின்னால் வந்து சேர்ந்தன.

எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீடுகளைச் செயலியில் பதிவேற்றும் வேலையைப் பற்றியும் ஒரு சொல். கணக்கில் அந்தப் பதிவு பயன்படுகிறது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதை அது ஏறக்குறையச் சரியாகக் காட்டும். வாசிப்பில், இணையம் கிடைக்காமல் கைப்பேசியைத் தூக்கிப்பிடித்து நிற்கும் நேரத்துக்குள் நான்கு பிள்ளைகளைத் தனியே படிக்கச் சொல்லிக் கேட்டுவிடலாம்.

ஆகவே ஒரு சமவெளிப் பள்ளியின் கால அட்டவணையை அமைக்கும் தலைமையாசிரியருக்கு நான் சொல்லக்கூடியது இது. காலை முதல் பாடவேளையை முழு வகுப்பு வாசிப்புக்கும் கதைக்கும் ஒதுக்கலாம். கணக்குப் பாடவேளையை ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் வைத்து, வகுப்புச் சுவரைப் பார்க்காமல் நிலைப்படி பிள்ளைகளை மூன்று அறைகளுக்குப் பிரித்துவிட்டால், ஓர் ஆசிரியருக்கு ஒரு நிலை மட்டும் அமையும். மூன்று குழுக்களுக்கு இடையே ஓடும் அவதி நீங்கும். பிற்பகலில் அந்த ஒரு வரி எழுத்து. மூன்றாம் வகுப்பில் இன்னும் உயிர்மெய் பிடிபடாத பிள்ளைகளைக் காலையில் ஒன்றாம் வகுப்போடு உட்காரவைத்தால் கூசுவார்கள். மதிய உணவுக்குப் பின் அரை மணி நேரம் தனியாக, பள்ளியிலேயே மிகுந்த அனுபவமுள்ள ஆசிரியரிடம் அவர்களை ஒப்படைக்க வேண்டும். மூத்தவருக்கு ஐந்தாம் வகுப்பு, புதிதாக வந்தவருக்கு ஒன்றாம் வகுப்பு என்ற வழக்கத்தை மாற்ற அந்த அரை மணி நேரமே முதல் இடமாக இருக்கலாம்.