சின்ன விபத்து, பாதகமான தீர்ப்பு: அப்பீலா, சீராய்வா, சமரசமா?

நசுங்கிய பம்பருக்கும் உடைந்த விளக்குக்கும் 80,000 ரூபாய் கொடு என்று மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டால், 'ஐகோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இந்தத் தொகைக்கு ஐகோர்ட்டில் அப்பீலே கிடையாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 173(2) பிரிவுப்படி, தகராறில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் மேல்முறையீடு செய்ய முடியாது. முன்பு இந்த வரம்பு 10,000 ரூபாய். 2019 திருத்தம் அதை உயர்த்தியது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பழைய வரம்பை மனதில் வைத்துக்கொண்டு பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

'தகராறில் உள்ள தொகை' என்பதைக் கவனியுங்கள். அது தீர்ப்பில் எழுதிய மொத்தத் தொகை அல்ல, நீங்கள் எதிர்க்கும் பகுதி மட்டுமே. தீர்ப்பு 1,80,000 ரூபாய். 1,20,000 போதும் என்பது உங்கள் வாதம் என்றால், தகராறு 60,000தான். அப்பீல் நிற்காது. 'தவறே என்னுடையதல்ல, ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை' என்றால் முழு 1,80,000மும் தகராறு, அப்பீல் நிற்கும். இழப்பீடு குறைவு என்று போகிற மனுதாரருக்கும் இதே கணக்குதான்.

அதற்கும் முன்னால், பணம் உங்கள் கையிலிருந்துதான் போகிறதா என்று பாருங்கள். பாலிசி நடப்பில் இருந்தால் மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கும். தனியார் கார் பாலிசியில் வழக்கமான வரம்பு 7.5 லட்சம். பிரீமியத்தைக் குறைக்க அதை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொண்டவர்களுக்கும், ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாததால் 'கம்பெனி கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்' என்று உத்தரவு வாங்கியவர்களுக்கும்தான் உண்மையான தலைவலி.

அப்பீல் நிற்கும் என்றால், தீர்ப்பு வந்த நாளிலிருந்து 90 நாள் அவகாசம். சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்கள் கழிக்கப்படும். ஆனால் நகலுக்கு விண்ணப்பிக்காமல் சும்மா இருந்த நாட்கள் கழிக்கப்படமாட்டா. பலர் தவறவிடுவது இந்த இடத்தில். தாமதமானால் போதிய காரணம் காட்டித் தனி மனு போட வேண்டும். பணம் கட்ட வேண்டியவர் அப்பீல் போட்டால் 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, எது குறைவோ அதை முதலில் டெபாசிட் செய்ய வேண்டும். மனுதாரருக்கு இந்த டெபாசிட் இல்லை.

25,000 கட்டினால் வசூல் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். அப்பீலைக் கோர்ட் ஏற்று எண் கொடுத்தாலும், வசூலை நிறுத்தும் தடையாணையைத் தனியாக வாங்க வேண்டும். அதற்குக் கோர்ட் பெரும்பாலும் இன்னும் கணிசமான தொகையைக் கட்டச் சொல்லும். இதற்கிடையே தீர்ப்பாயம் சொன்ன பணத்தை 30 நாளில் கட்ட வேண்டும் என்கிறது 168(3) பிரிவு. கட்டாவிட்டால் 174ஆவது பிரிவின் கீழ் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். வட்டியும் ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்பீலில் புதுக் கதைக்கும் இடமில்லை. தீர்ப்பாயத்தில் சான்றாவணமாகத் தாக்கல் செய்து குறியீடு செய்யாத ரிப்பேர் பில்லையோ போட்டோவையோ ஐகோர்ட்டில் நீட்டினால், அப்போதே ஏன் தரவில்லை என்ற கேள்விக்குப் பலமான பதில் வேண்டும். வேகமாக ஓட்டியதாகப் போலீஸ் போட்ட வழக்கில் 'சீக்கிரம் முடியட்டும்' என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால், அதுவும் பதிவேட்டில் உங்களுக்கு எதிராகவே நிற்கும். எதிர்த்தரப்பு குறுக்கு ஆட்சேபனை போட்டு இன்னும் அதிகம் கேட்கவும் கூடும்.

ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்திருந்தால் அப்பீலைவிட நல்ல வழி இருக்கிறது: அதே தீர்ப்பாயத்தில் உத்தரவை ரத்து செய்யக் கோரும் மனு. இங்கே தொகை வரம்பு தடையில்லை. சாட்சியத்தையும் புதிதாக வைக்கலாம். கெடு 30 நாள். சம்மன் முறையாக வந்து சேராதபோது, உத்தரவு தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். வீடு மாறியும் ஆர்.சி.யில் முகவரியை மாற்றாதவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. ஏன் வரவில்லை, எப்போது தெரிந்தது என்பதைத் தேதிவாரியாகப் பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். 'உடல்நலமில்லை' என்ற ஒற்றை வரி எடுபடாது. செலவுத்தொகையோ, ஒரு பகுதி டெபாசிட்டோ நிபந்தனையாக வரலாம். இன்னொன்று: முதலில் அப்பீல் போட்டு அது விசாரணையில் முடிந்துபோனால், பிறகு இந்த மனுவுக்கு வழியிருக்காது. ஆகவே வரிசை முக்கியம்.

அரசியலமைப்பின் 227ஆவது பிரிவின் கீழ் சீராய்வு மனு, அப்பீல் அடைபட்டவர்கள் எட்டிப்பார்க்கும் ஜன்னல். அதிகாரம் மீறப்பட்டதா, அடிப்படை நியதி தவறியதா என்று மட்டுமே பார்ப்பார்கள். 'பில் தொகை அதிகம்', 'சாட்சி பொய்' என்பதற்கெல்லாம் அது திறக்காது. வக்கீல் கட்டணத்தை நினைத்தால் 80,000 ரூபாய்க்கு இது கட்டுப்படியாவது அபூர்வம். கூட்டல் பிழை, பெயர்ப் பிழை போன்றவற்றுக்குத் தீர்ப்பாயத்திலேயே ஒரு திருத்த மனு போதும்.

மிச்சமிருப்பது சமரசம். நிலுவையில் உள்ள வழக்கையும் அப்பீலையும் லோக் அதாலத்துக்கு (பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு) அனுப்பச் சொல்லலாம். அங்கே பேசி முடித்தது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. தொகை மட்டுமல்லாமல், வட்டியைச் சேர்த்தா, எந்தத் தேதிக்குள், காசோலையா வங்கிப் பரிமாற்றமா, டெபாசிட் செய்த பணம் யாருக்கு என்று எல்லாவற்றையும் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வழக்கே நிலுவையில் இல்லாமல் தீர்ப்பு முடிந்துவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசி மொத்தமாகக் கட்டுவதாகச் சொல்லி வட்டியைக் குறைத்துக் கேட்கலாம். ஒப்புக்கொண்டால், முழுத் திருப்தி அடைந்ததாக, அதாவது இனி பாக்கி எதுவும் இல்லை என்று, தீர்ப்பாயத்தில் பதிவு செய்யாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.