'திங்க் பைத்தான்' புத்தகத்தோடு இரண்டு வருஷம்

நான் பி.காம். பாரிமுனையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. புரோகிராமிங் என்றால் என்னவென்றே தெரியாத நிலையில், எந்த கோச்சிங் சென்டரிலும் சேராமல், ஆலன் டவுனி எழுதிய 'திங்க் பைத்தான்' புத்தகத்தை மட்டும் வைத்து பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டேன். ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. முடித்த சூட்டோடு எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகத்தான் இருந்திருக்கும். இப்போது வேலையில் அன்றாடம் பைத்தான் பயன்படுத்துகிறேன். புத்தகத்தில் எது இன்றுவரை கைகொடுக்கிறது, எதற்கெல்லாம் வெளியே தேடிப்போக வேண்டியிருந்தது என்று சொல்ல முடியும்.

நான் படித்தது 2015-இல் வந்த இரண்டாம் பதிப்பு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளது. பிடிஎஃப்பை நூலாசிரியரே இலவசமாகத் தருகிறார். வியாபார நோக்கம் இல்லாமல் நகலெடுக்கத் தடையில்லை. அதனால் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இரண்டு பக்கமும் பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்துகொண்டேன். தேடும்போது 2012-இல் வந்த முதல் பதிப்பும் கண்ணில் படும். அது பைத்தான் 2-க்கு எழுதியது. அந்த பைத்தானுக்கான ஆதரவே 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. பிரிண்ட் கட்டளைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இல்லையென்றால் அது பழைய பதிப்பு, வேண்டாம்.

மெல்லிய புத்தகம். 1999-இல் டவுனி கல்லூரியில் ஜாவா சொல்லிக்கொடுக்கத் தயாரானபோது, இருந்த பாடப்புத்தகங்கள் தலையணை கனத்தில் இருந்ததால் மாணவர்கள் படிக்கவே இல்லையாம். சின்னதாகத் தானே ஒன்று எழுதினார். உரிமம் திறந்ததாக இருந்ததால் ஜெஃப் எல்க்னர் என்ற பள்ளி ஆசிரியர் அதைப் பைத்தானுக்கு மாற்றினார். அந்தச் சிக்கனம் இந்தப் பதிப்பிலும் இருக்கிறது. ஒரு விஷயத்தை ஒரு முறைதான் சொல்வார். புரியவில்லையென்றால் நாம்தான் திரும்பிப் போய்ப் படிக்க வேண்டும்.

பாடங்களின் வரிசைதான் இந்தப் புத்தகத்தின் பலம் என்று நினைக்கிறேன். 3-ஆம் அத்தியாயத்திலேயே ஃபங்ஷன், அதாவது பெயர் வைத்து வேண்டும்போது அழைக்கும் நிரல் துண்டு, வந்துவிடுகிறது. 5-இல் ரிகர்ஷன், அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னைத் தானே அழைப்பது. வைல் லூப், அதாவது ஒரு நிபந்தனை பொருந்தும்வரை சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, 7-இல்தான். வீடியோக்களில் லூப்பைச் சொல்லிவிட்டுத்தான் ரிகர்ஷன் பக்கம் போவார்கள், பலர் போவதே இல்லை. டவுனி அதை முன்னால் வைத்ததோடு, ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பெட்டி வரைந்து, உள்ளே அந்த நேரத்து மதிப்புகளை எழுதச் சொல்கிறார். ஸ்டாக் டயக்ராம் என்று பெயர்.

5-ஆம் அத்தியாயத்தில் கவுண்ட்டவுன் என்று ஒரு சின்ன ஃபங்ஷன் உண்டு. 3 என்று கொடுத்தால் 3, 2, 1 என்று அச்சிட்டு, கடைசியில் ராக்கெட் கிளம்பும் சொல்லைக் காட்டும். மொத்தமே ஐந்தாறு வரி. ஓட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் விடை வந்துவிடும், ஒன்றும் புரிந்திருக்காது. காகிதத்தில் 3-க்கு ஒரு பெட்டி, அதற்குக் கீழே 2, அப்புறம் 1, அப்புறம் 0 என்று வரைந்து, கீழிருந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே மேலே வந்தால்தான் விஷயம் விளங்குகிறது. நானே ஒரு கேள்வி போட்டுக்கொண்டேன்: அச்சிடும் வரியை, ஃபங்ஷன் தன்னை அழைக்கும் வரிக்குக் கீழே தள்ளினால் என்ன ஆகும்? முதலில் ராக்கெட், பிறகு 1, 2, 3. பெட்டிகள் மூடும் வரிசையில் எண்கள் வெளியே வருகின்றன. அதைப் பென்சிலால் கண்டுபிடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஓட்டிப் பார்த்துச் சரி என்று தெரிந்த சந்தோஷம் தனி.

இந்தப் படங்களைப் பெரும்பாலும் ரயிலில்தான் வரைந்தேன். சாயங்காலம் தாம்பரம் வண்டி பீச் ஸ்டேஷனிலிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும். கிழித்த தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம் போதும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் ஒரு நாள் கேட்டாள்: "அக்கா, எதுக்கு இதெல்லாம் எழுதிப் பாக்கறீங்க? ரன் பண்ணா தெரிஞ்சிடுமே."

"விடை தெரியும்மா. அது ஏன் வந்துச்சுன்னு தெரியணும்ல."

தாளை வாங்கிப் பார்த்தாள். பரங்கிமலை தாண்டுவதற்குள் ஒரு பெட்டியை அவளே போட்டுக் காட்டினாள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் மின்சாரமும் இல்லை, நெட்டும் இல்லை. லேப்டாப்பைத் திறக்கவே முடியாத அந்த நாட்களிலும் பாடம் நிற்கவில்லை. அச்சிட்ட புத்தகம் வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

பயிற்சிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 7-ஆம் அத்தியாயத்தின் கடைசியில் ஒரு கணக்கு: பை-யின் மதிப்பைக் கண்டுபிடிக்க சீனிவாச ராமானுஜன் தந்த தொடரைப் புரோகிராமாக எழுதுங்கள். பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1912-இல் ராமானுஜன் இங்கே சென்னைத் துறைமுகத்தில், கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக, மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தவர். பீச் ஸ்டேஷனிலிருந்து சாலையைத் தாண்டினால் அந்தத் துறைமுகம். 1914-இல் அவர் வெளியிட்ட சூத்திரம், அமெரிக்கர் எழுதிய புத்தகம் வழியாக, அதே வட்டாரத்தில் கணக்கு எழுதும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தத் தொடரின் முதல் உறுப்பு மட்டுமே 3.141592 வரை சரியாகத் தந்துவிடும். உறுப்பின் மதிப்பு மிக மிகச் சிறிதாகும்வரை ஓட்டு என்று லூப்புக்கு நிபந்தனை கொடுத்தால், மூன்றாவது உறுப்பிலேயே நின்றுவிடுகிறது. ஏதோ கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். கோளாறே இல்லை, சூத்திரம் அவ்வளவு வேகம். எனக்கு வைல் லூப் மனதில் பதிந்தது இந்தக் கணக்கில்தான்.

இன்னொன்று, தமிழுக்கே உரியது. 6-ஆம் அத்தியாயத்தில், ஒரு சொல் இருபுறமும் ஒரே மாதிரி வாசிக்கிறதா என்று பார்க்கும் பயிற்சி இருக்கிறது. முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் ஒப்பிட வேண்டும், சமமென்றால் நடுப்பகுதியை மறுபடி அதே ஃபங்ஷனுக்கு அனுப்ப வேண்டும். நான் கொடுத்த சொல் 'விகடகவி'. இல்லை என்று விடை வந்தது. ஒவ்வொரு எழுத்தாக அச்சிட்டுப் பார்த்தால், வி என்பது ஓர் எழுத்தாக இல்லை. வ தனி, மேலே வரும் இகரக் குறி தனி. நாம் ஐந்து எழுத்து என்று எண்ணும் விகடகவி, பைத்தானுக்கு ஏழு. முதலில் இருப்பது வ, கடைசியில் இருப்பது இகரக் குறி. இரண்டும் எப்படிச் சமமாகும்? 'தமிழ்' என்று கொடுத்தாலும் நீளம் மூன்று வராது, ஐந்து என்றே சொல்லும். கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் யூனிகோட் முறை தமிழை இப்படித்தான் சேமிக்கிறது. புத்தகத்தில் இது வராது. அதன் உதாரணங்கள் முழுக்க ஆங்கிலம். ஓப்பன்-தமிழ் என்ற இலவச நிரலகம் (பிறர் எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு) தமிழ் எழுத்துகளை முறையாகப் பிரித்துத் தருகிறது. அதை நிறுவி, எழுத்துப் பட்டியலை அதே ஃபங்ஷனுக்குக் கொடுத்தேன், விகடகவி தேறியது. ஃபங்ஷனில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

வேலைக்கு வருகிறேன். 11-ஆம் அத்தியாயத்து டிக்‌ஷனரிதான் எனக்குச் சோறு போடுகிறது. ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு என்று சேமித்துவைக்கும் அமைப்பு அது. மாதாமாதம் எங்கள் கொள்முதல் பதிவேட்டை, சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணையும் பில் நம்பரையும் சேர்த்துச் சாவியாக வைத்து, தொகையை மதிப்பாக வைத்தால், எந்த பில் அங்கே இல்லை, எது நம்மிடம் இல்லை என்பது நொடியில் வந்துவிடுகிறது. சிக்கல் பில் நம்பரில்தான். சப்ளையர் 0045 என்று ஏற்றியிருப்பார், நம் பதிவேட்டில் 45 என்று இருக்கும். முன்னால் வரும் பூஜ்யங்களை நீக்க ஒரு ஃபங்ஷன், கோடுகளையும் இடைவெளிகளையும் நீக்க இன்னொன்று என்று தனித்தனியாக எழுதிச் சோதிக்கும் பழக்கம், சின்னச் சின்ன ஃபங்ஷன்களாகவே யோசிக்கச் சொல்லும் இந்தப் புத்தகத்திலிருந்து வந்தது. ஆனால் எக்ஸெல் ஃபைலைத் திறப்பது எப்படி என்று இதில் இல்லை. 14-ஆம் அத்தியாயம் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள், ஒரு எளிய டேட்டாபேஸ் போன்றவற்றோடு நின்றுவிடுகிறது. எக்ஸெலுக்கு ஓப்பன்பைஎக்ஸெல் நிரலகத்தின் ஆவணத்தைத் தனியாகப் படித்தேன்.

பணக் கணக்கு எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் புத்தகத்துக்கு வெளியேதான் கிடைத்தது. பைத்தானின் ரவுண்ட் ஃபங்ஷனிடம் 1250.5 கொடுத்தால் 1250 என்று தரும். சரியாகப் பாதியில் இருந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போவது அதன் விதி. ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவுப்படி 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய், அதாவது 1251. இதற்குப் பைத்தானோடு வரும் டெசிமல் மாட்யூலைப் பயன்படுத்தி, பாதியை மேலே தள்ளு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தசம எண்கள் தோராயமானவை என்று 7-ஆம் அத்தியாயத்தில் எச்சரிக்கிறார், அவ்வளவுதான். அதே சமயம், 16-ஆம் அத்தியாயத்தில் மணி, நிமிடம், விநாடியைத் தனித்தனியாகக் கூட்டி அல்லாடாமல், எல்லாவற்றையும் விநாடியாக மாற்றிக் கூட்டிவிட்டுத் திரும்பப் பிரிக்கச் சொல்லித்தருகிறார். அதைப் படித்த அன்றே ரூபாயையெல்லாம் பைசாவாக மாற்றி முழு எண்ணாகவே வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். கூட்டலில் வந்துகொண்டிருந்த தேவையில்லாத தசமங்கள் அதோடு ஒழிந்தன.

குறைகள் என்றால், கணித வாடை தூக்கலான சில பயிற்சிகள் வணிகவியல் படித்தவர்களுக்குப் பாரம். தன்னைத் தானே அழைத்து மிக வேகமாகப் பெரிதாகும் ஆக்கர்மேன் ஃபங்ஷன் எனக்கு இன்றுவரை எதற்கும் பயன்படவில்லை. 15 முதல் 18 வரை கிளாஸ்கள், ஆப்ஜெக்ட்கள், அதாவது நாமே புதிய தரவு வகைகளை உருவாக்குவது. சீட்டுக்கட்டு உதாரணம் நன்றாக இருந்தாலும், என் வேலைக்கு இன்னும் தேவைப்படவில்லை. எதிர்ப்பக்கமாக, ஏறக்குறைய ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களிலும் பிழை தேடுவது பற்றி ஒரு பகுதி இருக்கிறதே, அதை யாரும் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆங்கிலத்தில் படிக்கத் தயங்குகிறவர்களுக்கு, கணியம் அறக்கட்டளை கணினி நூல்களைத் தமிழில் இலவசமாகவே வெளியிடுகிறது; அதிலிருந்து தொடங்கிவிட்டு இதற்கு வரலாம்.

இப்போது தொடங்குகிறவர்கள் 2024-இல் வந்த மூன்றாம் பதிப்பை எடுங்கள். அத்தியாயங்கள் எல்லாம், விளக்கமும் ஓட்டிப் பார்க்கும் நிரலும் ஒரே பக்கத்தில் வரும் ஜூபிட்டர் நோட்புக்குகளாக இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே ஓட்டலாம். ஃபங்ஷன் முன்னால், ரிகர்ஷன் 5-இல் என்ற வரிசை அதிலும் மாறவில்லை. உள்ளேயே ஓட்டும் வசதி இருப்பதால் பொத்தானை உடனே அழுத்தத் தோன்றும். அந்த 5-ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது பிரிண்ட் எடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். தனியாக உட்கார வீட்டில் இடம் இல்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலேயே போய்விடுங்கள், தேர்வுக்குப் படிக்கிறவர்கள் சீக்கிரமே வந்து இடம் பிடித்துவிடுவார்கள்.