புதுக் கணினிக்கு மாறும்போது: விங்கெட்டும் ரோபோகாப்பியும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததும், பழைய கணினியில் இருப்பதை அப்படியே புதியதில் கொண்டுவந்து வைக்கும் வேலை பலர் தலையில் விழுந்தது. பல கணினிகளில் இதைச் செய்து பார்த்ததில், மென்பொருளை நிறுவுவது சுலபம். அதன் செட்டிங்ஸும் சாவிகளும்தான் பாடாய்ப் படுத்துகின்றன.

விங்கெட் என்பது கட்டளை வழியே மென்பொருளை நிறுவித் தரும் விண்டோஸ் கருவி. பழையதில் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து விங்கெட் எக்ஸ்போர்ட் கொடுத்தால் நிறுவியவற்றின் பட்டியல் ஒரு ஜேசன் கோப்பாக வரும். புதியதில் விங்கெட் இம்போர்ட் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால் எக்ஸ்போர்ட் ஓடும்போது 'எந்த மூலத்திலும் கிடைக்கவில்லை' என்று திரையில் வரும் வரிகள் அந்தக் கோப்பில் ஏறாது. அவற்றை எடுத்து வையுங்கள். கையால் நிறுவ வேண்டியவை அவைதான்: பிரிண்டர் டிரைவர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் டிரைவர் போன்றவை.

கோப்புகளை நகலெடுக்க, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளை நம்பகமானது. ஆனால் ஒன்றும் சொல்லாமல் ஓட்டினால், திறக்க முடியாத ஒரே கோப்பை 30 விநாடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயலும்! கட்டளையோடு சேர்க்கும் ஆர் (எத்தனை தடவை முயல்வது), டபிள்யூ (எத்தனை விநாடி காத்திருப்பது) இரண்டு சுவிட்சுகளுக்கும் 1 கொடுங்கள். எக்ஸ்ஜே சுவிட்சையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மென்பொருள்களின் செட்டிங்ஸ் இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில் உள்ள ஜங்ஷன்கள் (வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் இணைப்புகள்) வழியே ஃபோல்டருக்குள் ஃபோல்டராகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எம்ஐஆர் சுவிட்ச் பக்கம் போகவே வேண்டாம். மூலத்தில் இல்லாததைப் புதியதில் அழித்துவிடும்.

குரோம் ஃபோல்டரை நகலெடுத்தால் புக்மார்க் வரும், கடவுச்சொல் வராது. அதைப் பூட்டிய சாவி பழைய விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைந்தது. அதற்கு, கூகுள் கணக்கு வழியே கொண்டுவரும் சிங்க் வசதி சுலபமான வழி. மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டில் சாவியும் பூட்டிய கடவுச்சொல் பட்டியலும் ஒரே புரொஃபைல் ஃபோல்டரில் இருப்பதால் எல்லாம் வந்துசேரும். முதன்மைக் கடவுச்சொல் போடாதவர் என்றால் திருடனுக்கும் அதே சௌகரியம். நகலெடுக்கும் முன் தண்டர்பேர்டை மூடிவிடுங்கள். புதியதில் இருப்பது பழையதைவிடக் கீழ்ப் பதிப்பாக இருந்தால், அந்தப் புரொஃபைலைத் திறக்காமல் புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்லும்.

தமிழில் வேலை செய்பவர்கள் எழுத்துருவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதம் புதியதில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸை மட்டும் எடுத்தால் போதாது. வலது கிளிக்கில் சாதாரணமாக நிறுவியவை பயனரின் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற பாதையில் தனியாகக் கிடக்கும். நகலெடுத்ததும் புதியதில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று நிறுவுங்கள்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். 5 ஜிபி இலவச இடம் பாதி நகலிலேயே நிரம்பிவிடும்.

கணக்கு மென்பொருளின் உரிமம் கணினியோடு பிணைந்ததாக இருந்தால், அந்த உரிமத்தைப் பழையதில் ஒப்படைத்த பிறகே புதியதில் இயக்குங்கள். பழைய டிஸ்க்கை ஒரு மாதக் கணக்கு முடியும்வரை ஃபார்மட் செய்ய வேண்டாம். விட்டுப்போன டெம்ப்ளேட்டும் மேக்ரோவும் மாதக் கடைசியில்தான் தேவைப்படும்.