இரண்டு வேலை, ஒரு வீடு, ஒரு கூகுள் காலண்டர்

கணவன், மனைவி இருவருக்கும் வேலை. ஒருவருக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும், மற்றவருக்கு மீட்டிங் திடீரென்று முளைக்கும். நடுவில் வழிபாடு, இரு வீட்டுப் பெரியவர்களையும் போய்ப் பார்ப்பது, உடற்பயிற்சி, தூக்கம். கல்யாணமான முதல் வருடத்துச் சண்டைகள் பலவும் "நீ சொல்லவே இல்லையே", "அன்றைக்கே சொன்னேனே" என்றுதான் தொடங்குகின்றன. இதற்குத் தீர்வாகப் பலரும் எடுப்பது கூகுள் காலண்டர். காசு கிடையாது, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும், 2006 முதல் புழக்கத்தில் இருக்கிறது. புதிதாகக் குடித்தனம் தொடங்கும் இருவருக்கு அது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். யார் எப்போது எங்கே என்று காட்டுவதில் இது அருமையான கருவி. "உனக்குச் சரிதானே" என்று கேட்பதில் சுமார், அதுவும் சரியான வழியில் பயன்படுத்தினால்தான். வீட்டு வேலையைப் பங்கிட இது உதவாது. மூன்றையும் இதன் தலையில் கட்டினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

முதலில் அமைக்கும் விதம். ஒருவருடைய சொந்த காலண்டரையே மற்றவருக்குத் திறந்துவிடுவதுதான் பலரும் எடுக்கும் குறுக்கு வழி. அது வேண்டாம். இருவருக்கும் பொதுவாகத் தனியாக ஒரு காலண்டர் உருவாக்குங்கள். இதைக் கணினி பிரவுசரில் செய்வது எளிது. இடப்பக்கம் பிற காலண்டர்கள் என்ற தலைப்புக்கு அருகே உள்ள கூட்டல் குறியை அழுத்தி, புதிய காலண்டர் உருவாக்கி, பெயர் கொடுங்கள். பிறகு அதன் செட்டிங்ஸில் குறிப்பிட்ட நபர்களுடன் பகிரும் பகுதிக்குப் போய்த் துணைவரின் மெயில் முகவரியைச் சேர்க்க வேண்டும். அங்கே நான்கு படி அனுமதிகள் இருக்கும்: நேரம் காலியா இல்லையா என்று மட்டும் பார்ப்பது, எல்லா விவரமும் பார்ப்பது, நிகழ்வுகளை மாற்றுவது, மாற்றுவதோடு பகிர்வையும் நிர்வகிப்பது. பொது காலண்டருக்கு மூன்றாவது போதும். மெயிலில் வரும் இணைப்பைத் துணைவர் அழுத்தினால்தான் அவர் பட்டியலில் அந்த காலண்டர் சேரும். "நான் பகிர்ந்துவிட்டேன், உனக்கு ஏன் வரவில்லை" என்ற குழப்பத்துக்கு முதல் காரணம் இந்த மெயிலைத் திறக்காமல் விடுவது.

இரண்டாவது காரணம் போனில் இருக்கும். ஆப்பின் செட்டிங்ஸில் அந்தக் காலண்டருக்கு ஒத்திசைவு (சின்க்) இயங்குகிறதா என்று பாருங்கள். ஐபோனோடு வரும் காலண்டர் ஆப்பில் பார்ப்பவர்கள், எந்தப் பகிர்ந்த காலண்டர்கள் அங்கே வர வேண்டும் என்பதைக் கூகுளின் தனிப் பக்கத்தில் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். அதைவிடக் கூகுளின் சொந்த ஆப்பையே நிறுவிக்கொள்வது எளிது.

மூன்றாவது, நாள்தோறும் நடப்பது. புதிய நிகழ்வு ஒன்றைப் போடும்போது அது உங்கள் சொந்த காலண்டரில் போய் உட்கார்ந்துவிடும். சேமிக்கும் முன் எந்தக் காலண்டர் என்ற வரியைப் பார்த்து மாற்ற வேண்டும். மறந்துவிட்டால் பிறகும் நிகழ்வைத் திறந்து மாற்றலாம்.

நோட்டிஃபிகேஷனும் அப்படித்தான். பொது காலண்டரில் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு முன் நினைவூட்டு என்று வைத்தால் அது அவருக்கு மட்டுமே ஒலிக்கும். துணைவர் தன் கணக்கில் தானே வைத்துக்கொள்ள வேண்டும். இருவரும் தத்தம் செட்டிங்ஸில் அந்தக் காலண்டருக்கு ஒரு நாள் முன்பு ஒன்று, ஒரு மணி நேரம் முன்பு ஒன்று என இரண்டு இயல்புநிலை நினைவூட்டல்கள் வைத்துவிட்டால் போதும். காலண்டரின் நிறமும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குப் பச்சையாகத் தெரிவது மற்றவருக்கு நீலமாகத் தெரியலாம். அதனால் "பச்சை என்றால் என் வேலை" என்று பேசிக்கொள்ளாமல், தலைப்பின் முதல் சொல்லாகப் போகிறவரின் பெயரை எழுதுங்கள்.

இனி முக்கியமான இடம். பொது காலண்டரில் ஒருவர் எழுதியது மற்றவர் பக்கம் தானாக வந்துவிடும். யாரும் யாரையும் கேட்பதில்லை. "ஞாயிறு மாலை 5 மணி, அத்தை வீடு" என்று கணவன் எழுதினால், மனைவிக்கு அது முடிந்த முடிவாகத்தான் தெரியும். அந்த மாலையில் அவர் ஓய்வெடுக்க நினைத்திருக்கலாம், மறுநாள் வேலைக்குத் தயார் செய்ய வேண்டியிருக்கலாம். கேட்க இன்னொரு வழி இதே ஆப்பில் இருக்கிறது. நிகழ்வைத் தன் சொந்த காலண்டரில் போட்டு, துணைவரை விருந்தினராகச் சேர்த்தால், அவருக்கு வருகிறேன், இல்லை, ஒருவேளை என்று பதில் சொல்லும் வாய்ப்பு கிடைக்கும், கூடவே ஒரு குறிப்பும் எழுதலாம். ஏற்கெனவே பேசி முடித்தது, மாற்ற முடியாதது (ஷிஃப்ட், டாக்டர் நேரம், பயணம்) பொது காலண்டருக்கு. இருவரும் சேர்ந்து போக வேண்டிய, இன்னும் பேசாத எதுவும் அழைப்பாக. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்ற குறைகள் பலவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். அழைப்பு அனுப்பிவிட்டோம் என்று வாயால் கேட்பதை விட்டுவிடவும் கூடாது. இன்றிரவுக்கான விஷயத்துக்கு அழைப்பு அனுப்புவது துணைவரை அலுவலகத்து ஆளாக நடத்துவதாகும்.

வேலை சார்ந்த விஷயங்களில் எச்சரிக்கை தேவை. அலுவலகக் கணக்கிலிருந்து வெளியாருக்கு எவ்வளவு காட்டலாம் என்பதை அலுவலக நிர்வாகிதான் தீர்மானிக்கிறார். பல இடங்களில் காலியா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். தம்பதிக்கு அதுவே போதும். எந்த வாடிக்கையாளரோடு மீட்டிங் என்பது வீட்டுக்குத் தேவையில்லை. சிக்கல் எதிர்ப்பக்கம் வரும்: வீட்டு காலண்டரில் "மாலை 6, மருத்துவமனை" என்று இருப்பது சக ஊழியர்களுக்குத் தெரியாது, அவர்கள் அதே நேரத்தில் மீட்டிங் வைப்பார்கள். அலுவலக காலண்டரிலும் அந்த நேரத்தைக் கையால் ஒருமுறை அடைத்துவைக்க வேண்டும். காரணம் எழுத வேண்டியதில்லை. துணைவர் வேறு நாட்டில் வேலையில் இருந்தால், தொடர் நிகழ்வு எந்த நேர மண்டலத்தில் பதிவானது என்பதையும் பாருங்கள். கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் நாட்டின் மண்டலத்தில் பதிந்திருந்தால், வருடத்தில் இரண்டு முறை மற்றவருக்கு அது ஒரு மணி நேரம் நகரும்.

தனியுரிமை பற்றி ஒன்று. நிகழ்வைத் தனிப்பட்டது என்று குறித்தாலும், அந்தக் காலண்டரில் மாற்றும் அனுமதி உள்ளவருக்கு விவரம் தெரியும். சொந்த காலண்டரைத் துணைவருக்கு அந்த அளவில் திறந்துவைத்து, பிறந்தநாள் பரிசு வாங்கும் நேரத்தைத் தனிப்பட்டது என்று குறித்துப் பயனில்லை. இதன் மறுபக்கம்: ஜிமெயிலுக்கு வந்த டிக்கெட்டைப் பார்த்துக் கூகுள் தானாகப் போடும் நிகழ்வு இயல்பாக உங்களுக்கு மட்டுமே தெரியும். பயணச் சீட்டு காலண்டரில் இருக்கிறது, துணைவருக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பிவிடாமல், பொது காலண்டரில் தனியாக எழுதுங்கள்.

வழிபாட்டுக்கு இது எவ்வளவு தூரம் வரும்? கடிகாரப்படி மாறாத நேரமென்றால் பிரச்சினையில்லை, வாராந்திரத் தொடர் நிகழ்வு போதும். சூரியனை வைத்துக் கணக்கிடும் தொழுகை நேரங்கள் நாளுக்கு நாள் நகர்பவை. ஒருமுறை போட்ட தொடர் நிகழ்வு சில வாரங்களிலேயே பிசகிவிடும். இதற்கு வழிபாட்டுத் தலமோ நேரக் கணிப்புச் சேவையோ தரும் ஐசிஎஸ் முகவரி (ஒரு காலண்டரை இணையத்திலிருந்து தொடர்ந்து பெறும் இணைப்பு) இருந்தால், பிரவுசரில் முகவரி மூலம் சேர்க்கும் வசதியில் கொடுக்கலாம். அங்கே செய்யும் மாற்றம் உங்களுக்குத் தெரிய 12 மணி நேரம்வரை ஆகலாம் என்பதால் கடைசி நேர மாறுதலுக்கு அதை நம்ப வேண்டாம். சந்திரனை வைத்து வரும் விரத நாட்களுக்கு இன்னும் கடினம். மாற்று நாட்காட்டியின் தேதியைப் பக்கத்தில் காட்டும் வசதி உண்டு, ஆனால் அந்தத் தேதிப்படி நிகழ்வைத் திரும்ப வரவைக்க முடியாது. வருடத் தொடக்கத்தில் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு நாளையும் கையால் போடுவதுதான் வழி. பிறை பார்த்து முடிவாகும் நாட்களைத் தலைப்பிலேயே உத்தேசம் என்று குறித்துவையுங்கள்.

இதில் எங்கள் கருத்து உறுதியானது: இருவரும் சேர்ந்து செய்யும் வழிபாடு மட்டும் பொது காலண்டரில் வரட்டும். தனியாகச் செய்யும் ஜெபமோ தியானமோ அவரவர் காலண்டரில் இருக்கட்டும், மற்றவருக்கு அந்த நேரம் காலியில்லை என்று தெரிந்தால் போதும். புதிதாகச் சேர்ந்து வாழும் இருவருக்குப் பக்தியின் அளவு ஒரே மாதிரி இருப்பதில்லை. தினமும் காலை 5 மணிக்கு என்று பொது காலண்டரில் ஏறிவிட்டால் அது வருகைப் பதிவேடு ஆகிவிடும், தவறிய நாட்கள்தான் கண்ணில் படும்.

அன்றாடப் பழக்கங்களுக்கு இந்த ஆப் இப்போது முன்பைவிடப் பலவீனம். 2016-இல் வந்த கோல்ஸ் என்ற வசதி, வாரத்தில் இத்தனை முறை என்று சொன்னால் காலி நேரத்தைத் தானே தேடித் தந்தது. 2022-இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது மிஞ்சியது தொடர் நிகழ்வும், செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் டாஸ்க்ஸும்தான். நிகழ்வில் முடித்தேன் என்று குறிக்க வழியில்லை. டாஸ்க்ஸில் குறிக்கலாம், ஆனால் அந்தப் பட்டியலைத் துணைவருக்குப் பகிர முடியாது. அதனால் சேர்ந்து நடைப்பயிற்சி, இரவு போனை ஒதுக்கிவைப்பது போன்றவற்றுக்கு முடிவு தேதியுள்ள தொடர் நிகழ்வு வைப்பதே சரி. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் செய்யும் பழக்கமாக மாற சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப இது 18 முதல் 254 நாட்கள்வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே பத்து வாரம் வைத்துப் பாருங்கள். பழகிவிட்டால் காலண்டரில் தேவையில்லை, பழகவில்லை என்றால் நேரத்தை மாற்றுங்கள். முடிவு தேதி இல்லாத தொடர் நிகழ்வுகள் குவிந்தால் கண் அவற்றைத் தாண்டிப் போகப் பழகிவிடும், அவற்றோடு டாக்டர் நேரமும் தவறும். தொடர் நிகழ்வை மாற்றும்போது இந்த ஒன்றா, இதுவும் இனி வருபவையுமா, எல்லாமா என்று கேட்கும். எல்லாம் என்று அழுத்தினால் கடந்த வாரங்களின் பதிவும் மாறிவிடும்.

கடைசியாக, காலண்டரில் எழுதுவது யார்? சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டின் மனவேலையை நான்காகப் பிரித்தது: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்ததை அவர் கண்டார். பகிர்ந்த காலண்டர் இதைத் தானாகச் சரிசெய்யாது. எல்லாவற்றையும் மனைவியே உள்ளிட்டு, கணவன் நோட்டிஃபிகேஷன் வந்தால் கிளம்பினால், வேலை பங்கிடப்பட்டதாகத் தோன்றும், ஆனால் நினைவில் வைக்கும் சுமை அப்படியே இருக்கும். தகவல் யாருக்கு முதலில் வருகிறதோ அவரே உள்ளிட வேண்டும், தன் வீட்டார் விசேஷங்களை அவரவரே எழுத வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒருமுறை இருபது நிமிடம் இருவரும் சேர்ந்து அடுத்த பதினான்கு நாட்களைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு மாலையாவது இருவருக்கும் காலியாக விட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

தவறுதலாக அழித்த நிகழ்வு சுமார் 30 நாட்கள் குப்பைத் தொட்டியில் இருக்கும், பிரவுசரில் மீட்கலாம். காலண்டரையே நிரந்தரமாக அழித்தால் இருவருக்கும் போய்விடும். அவ்வப்போது செட்டிங்ஸின் ஏற்றுமதிப் பகுதியில் ஒரு பிரதி இறக்கிவைத்துக்கொள்வது நல்லது.

இருவரிடமும் ஆப்பிள் கருவிகள் மட்டுமே இருந்தால் ஐகிளவுட் காலண்டரே போதும். நிகழ்வுக்குள்ளேயே பேசிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு டைம்ட்ரீ என்ற பகிர்வு காலண்டர் ஆப் பொருந்தும். இருவருக்கும் நிலையான வேலை நேரம், மாலையில் இருவரும் வீட்டில் என்றால் சுவரில் ஒரு மாதக் காலண்டரும் பேனாவும் போதும். ஷிஃப்ட் வேலை, அடிக்கடி பயணம், வெவ்வேறு ஊரில் வேலை என்று இருக்கும் தம்பதிக்குத்தான் கூகுள் காலண்டரை முழு மனதோடு பரிந்துரைக்கிறோம்.